ஆண்டவரின் ஊழியர் வீட்டில் ஓர் ஊழியர்

‘ஊழியம்’ என்பது நம் நாவில் மிக எளிதாக வந்துவிடும் சொற்களுள் ஒன்று. மூவேளைச் செபத்தில் நாள்தோறும் மூன்று முறை, கன்னி மரியா தம்மை ஆண்டவரின் அடிமையாகக் கையளித்ததை நினைவுகூர்கிறோம். பங்குப் பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவரை இறைப்பணிக்கு முன்வந்தவர் என்று பாராட்டிப் பொன்னாடை போர்த்துகிறோம். பாடகர் குழு, பீட அலங்காரம், மரியாயின் சேனை, வின்சென்ட் தே பவுல் சபை, அன்பியக் கூட்டம் ஆகிய அனைத்தையும் ஆண்டவருக்கு நாம் ஆற்றும் ஊழியம் என்று கணக்கில் எழுதி மனநிறைவு கொள்கிறோம். இவை வேண்டாதவை என்று எவரும் சொல்லார், நாமும் சொல்லவில்லை. ஆனால் இவை அனைத்திலும் ஓர் ஒற்றுமை உண்டு. இவை நமக்கு மேலே உள்ளவர்கள் காணும்படி செய்யப்படுபவை. பங்குத்தந்தை காண்கிறார், ஆயர் வரும்போது நாம் அறிமுகப்படுத்தப்படுகிறோம், திருவிழா மலரில் நம் நிழற்படம் வெளியாகிறது.

நமக்குக் கீழே உள்ளவர்கள் என்று உலகம் எண்ணுகின்றவர்களிடம் நாம் எவ்வாறு நடந்துகொள்கிறோம்? விடியற்காலையில் வந்து நம் வாசலைப் பெருக்கி, பத்துப்பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, நம் வீட்டு முதியவரைக் குளிப்பாட்டிவிட்டுப் போகும் பெண்மணியை அழைத்து, “இந்த வீட்டார் கடவுளின் ஊழியர்கள்தாமா?” என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? நம் ஊழியத்துக்கு நற்சான்று வழங்கும் தகுதி முதலில் அவருக்கே உண்டு என்பது நம் கருத்து. மற்றவர்களின் நற்சான்று அதற்குப் பின்னரே வரவேண்டும்.

இது மிகையான கூற்று என்று கருதுவோர் திருவிவிலியத்தைத் திறந்து பார்க்கட்டும்.

யோபுவின் வழக்கு

தம் ஊழியன் என்று கடவுளே பெருமையோடு சுட்டிக்காட்டும் மனிதர்களுள் யோபு ஒருவர். அவரது நூலின் முதல் அதிகாரத்தில் சாத்தானிடம் அவரை அவ்வாறே கடவுள் குறிப்பிடுகின்றார். இறுதி அதிகாரத்தில் அவருடைய நண்பர்களைக் கண்டிக்கும்போதும் அதே பெயரால்தான் அழைக்கின்றார். அந்த யோபு, 31ஆம் அதிகாரத்தில், தம் நேர்மையை நிலைநாட்டுவதற்காக வாழ்க்கைக் கணக்கை விரித்து வைக்கின்றார். செலுத்திய பலிகளை அவர் அங்கே எண்ணிக் காட்டவில்லை. தம் பணியாளோ பணிப்பெண்ணோ தமக்கு எதிராக வழக்குக் கொண்டுவந்தபோது அதை அலட்சியம் செய்திருந்தால், கடவுள் எழுந்து கேட்கும் நாளில் தாம் என்ன மறுமொழி கூற முடியும் என்று வினவுகின்றார். தம்மைத் தாயின் வயிற்றில் உருவாக்கியவரே அவர்களையும் உருவாக்கினார் என்பதே அவர் காட்டும் காரணம்.

இதில் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். யோபுவின் வீட்டில் வேலைக்காரர் தம் தலைவரை எதிர்த்து வழக்குரைக்க முடிந்தது. அது செவிமடுக்கவும் பட்டது. நம் வீடுகளிலோ, எதிர்த்துப் பேசுகிறாள் என்ற ஒரு குற்றச்சாட்டே ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தப் போதுமானதாக இருக்கிறது. கூலியை உயர்த்திக் கேட்பவர் பேராசைக்காரர். விடுப்புக் கேட்பவர் சோம்பேறி. ஒன்றும் கேளாமல் தலைகுனிந்து நிற்பவர் ‘நல்ல பெண்’. தூய பவுல் கொலோசையருக்கு எழுதிய மடலில், தலைவர்களுக்கும் விண்ணகத்தில் ஒரு தலைவர் உண்டு என்று எச்சரித்து, பணியாளரை நேர்மையோடு நடத்தும்படி கட்டளையிடுகின்றார். கடவுளின் ஊழியராயிருத்தல் என்பதன் முதற்பொருளே, நாம் எவருக்கும் முழுமுதல் தலைவர் அல்லர் என்பதுதான்.

நூற்றுவர் தலைவரின் மன்றாட்டு

திருப்பலியில் நற்கருணை உட்கொள்ளுமுன் நாம் அனைவரும் ஒருமித்துச் சொல்லும் தாழ்ச்சியின் மன்றாட்டு எங்கிருந்து வந்தது? கப்பர்நாகும் ஊரில் இருந்த நூற்றுவர் தலைவர் ஒருவரிடமிருந்து வந்தது. ஆண்டவர் தம் இல்லத்துக்குள் வருவதற்குத் தமக்குத் தகுதியில்லை என்று அவர் சொல்லியனுப்பினார். யாருக்காக? தமக்காக அன்று, தம் மனைவி மக்களுக்காகவும் அன்று. அவருடைய மதிப்புக்குரிய பணியாளர் ஒருவர் நோயுற்றுச் சாகும் தறுவாயில் இருந்தார் என்று லூக்கா நற்செய்தியின் 7ஆம் அதிகாரம் தெளிவாகக் கூறுகிறது. ஒரு வேலைக்காரரின் உயிருக்காக, அதிகாரம் படைத்த ஒரு படைத்தலைவர் தம் தகுதியின்மையை அறிக்கையிட்டார். இயேசு வியந்து பாராட்டிய நம்பிக்கை அந்த நம்பிக்கைதான்.

வழிபாட்டில் திருச்சபை, ‘பணியாளர்’ என்ற சொல் நின்ற இடத்தில் ‘ஆன்மா’ என்ற சொல்லை வைத்தது. அதில் பிழையில்லை. ஆனால் நாம் அந்தச் சொல்மாற்றத்துக்குள் வசதியாக ஒளிந்துகொண்டோம். நம் ஆன்மா நலமடைய வேண்டும் என்று ஒவ்வொரு திருப்பலியிலும் மன்றாடுகிறோம். வீட்டுக்குத் திரும்பியதும், காய்ச்சலால் மூன்று நாள் வேலைக்கு வராதிருந்த பெண்ணின் கூலியில் அந்த மூன்று நாளைக் கழிக்கிறோம். எந்த மன்றாட்டு ஒரு வேலைக்காரரின் நோயிலிருந்து பிறந்ததோ, அதே மன்றாட்டை வாயில் ஏந்திக்கொண்டே வேலைக்காரரின் நோயைக் கூலிப்பிடிப்பாக மாற்றுகிறோம். நூற்றுவர் தலைவர் நம் நற்கருணை வரிசையில் வந்து நின்றால், நம்மைத் தம் வழித்தோன்றல்கள் என்று ஏற்பாரா?

ஓய்வுநாள் யாருக்கு?

ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியைத் தவறவிடுவதைப் பாவசங்கீர்த்தனத்தில் அறிக்கையிடுகிறோம், அது முறையே. ஆனால் ஓய்வுநாள் கட்டளை நமக்கு மட்டும் தரப்பட்டதா? விடுதலைப் பயண நூலின் 20ஆம் அதிகாரம், அடிமையையும் அடிமைப்பெண்ணையும் அக்கட்டளைக்குள் சேர்த்தே பேசுகிறது. இணைச்சட்ட நூலின் 5ஆம் அதிகாரம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. வீட்டுத் தலைவரைப் போலவே பணியாளரும் ஓய்வு கொள்ள வேண்டும் என்று சொல்லி, அதற்குக் காரணமாக, இஸ்ரயேலரே எகிப்தில் அடிமைகளாய் இருந்ததை நினைவூட்டுகிறது. 1992ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, ஆண்டவரின் நாளைப் பிறர் கடைப்பிடிக்க முடியாதபடி அவர்கள்மீது தேவையற்ற வேலைகளைச் சுமத்தலாகாது என்று அறிவுறுத்துகிறது.

நம் நடைமுறை என்ன? ஞாயிற்றுக்கிழமை நமக்கு விருந்துநாள். கறிச்சோறு சமைக்கும் நாள். உறவினர் வந்து தங்கும் நாள். வழக்கத்தைவிட இருமடங்கு பாத்திரம் சேரும் நாள். ஆகவே, வேலைக்கு வரும் பெண் கட்டாயம் வந்தாக வேண்டிய நாளும் அதுவே. அவர் கத்தோலிக்கராய் இருந்தால், காலைத் திருப்பலிக்கு அவர் போக முடியாததற்கு நாம்தான் காரணம். அவர் வேறு சமயத்தவராய் இருந்தாலும், தம் பிள்ளைகளோடு ஒருநாள் வீட்டில் இருக்கும் உரிமை அவருக்கும் உண்டு. கிறிஸ்து பிறப்பு விழாவன்றும் உயிர்ப்புப் பெருவிழாவன்றும் நம் வீட்டு அடுப்படியில் அவர் நிற்கிறார். திருவிழாவின் மகிழ்ச்சி நமக்கு. அதன் எச்சிற்பாத்திரம் அவருக்கு. இப்படி ஒருவரின் ஓய்வைப் பறித்து நாம் கடைப்பிடிக்கும் ஓய்வுநாளை ஆண்டவர் ஏற்பார் என்று நம்புவதற்கு மறைநூலில் ஆதாரம் எதுவும் இல்லை.

நீதியும் இரக்கமும்

இவ்விடத்தில் நம்மவர் பலர் எழுப்பும் மறுப்புகளை நாம் அறிவோம். “பொங்கலுக்குப் புடவை எடுத்துக் கொடுக்கிறோம், கிறிஸ்துமசுக்குக் கேக்கும் பணமும் கொடுக்கிறோம், பிள்ளைகளுக்குப் பழைய துணியும் புத்தகமும் தருகிறோம், இதைவிட வேறு என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்கிறார்கள். பொதுநிலையினருக்கென்றே இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டது. பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றிய அத்தொகுப்பின் 8ஆம் எண், நீதியின்படி ஒருவருக்குச் சேர வேண்டியதை அறச்செயல் என்ற பெயரில் கொடையாகக் காட்டக் கூடாது என்று ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகிறது. மாதம் முழுவதும் குறைத்துக் கொடுத்த கூலியை ஆண்டுக்கு ஒருமுறை புடவையாகத் திருப்பித் தருவது கொடையாகாது. அது கடனின் ஒரு பகுதியைத் தாமதமாகச் செலுத்துவதே. அதற்காக நாம் நன்றியையும் எதிர்பார்க்கிறோம்!

“பேசிய சம்பளத்துக்கு அவரே ஒப்புக்கொண்டுதான் வந்தார்” என்பது அடுத்த மறுப்பு. இதற்கும் மறுமொழி புதிதன்று. 1891ஆம் ஆண்டு திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலை குறித்து எழுதிய சுற்றுமடலில், வறுமையின் நெருக்கடியால் தொழிலாளி குறைந்த கூலிக்கு இசைந்தால், அந்த இசைவு முதலாளியின் அநீதியைப் போக்கிவிடாது என்று தெளிவுபடுத்தினார். இரண்டு குழந்தைகளையும் வாடகை பாக்கியையும் வைத்துக்கொண்டு நம் வாசலில் நிற்கும் ஒருவரின் ‘சரி’ என்ற சொல், சுதந்திரமான சொல்லா? உழைப்பவரின் கூலியை அநியாயமாகப் பிடித்தம் செய்வது விண்ணை நோக்கி முறையிடும் பாவங்களுள் ஒன்று என்று நம் மறைக்கல்வி கற்பிக்கிறது. கொலையோடு ஒரே பட்டியலில் வைத்து எண்ணப்படும் பாவம் அது. நம் ஆன்ம சோதனைக் குறிப்பேடுகளில் அதற்கு ஏன் இடமே இருப்பதில்லை?

“நாமே நடுத்தரக் குடும்பம், நம்மால் எவ்வளவு கொடுக்க முடியும்?” என்று வருந்துவோரும் உண்டு. அவர்களுடைய நெருக்கடி உண்மையானது. ஆனால் இணைச்சட்டத்தின் 24ஆம் அதிகாரம், கூலியாள் ஏழையாயிருப்பதால் அவருடைய கூலியைக் கதிரவன் மறையுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று கட்டளையிடும்போது, கொடுப்பவர் செல்வராய் இருந்தால் மட்டும் என்று விதிவிலக்கு எதுவும் வைக்கவில்லை. உரிய கூலி கொடுக்க இயலாதவர், வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். சில வேலைகளைத் தாமே செய்துகொள்ளலாம். நம் பாத்திரத்தை நாமே கழுவினால் நம் மதிப்புக் குறைந்துவிடாது. சீடரின் காலடிகளைக் கழுவியவரைத்தான் நாம் ஆண்டவர் என்று அழைக்கிறோம்.

உலகம் இதில் நமக்கு முன்னே நடந்துகொண்டிருக்கிறது என்பது நமக்கு வெட்கம் தர வேண்டிய செய்தி. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென நலவாரியம் 2007ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011ஆம் ஆண்டு சூன் மாதத்தில், வீட்டுவேலையும் மற்றத் தொழில்களைப் போல மாண்புக்குரிய தொழிலே என்று ஏற்று, 189ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. பதினான்கு வயதுக்குக் குறைந்த சிறார்களை வீட்டுவேலைக்கு வைப்பது 2006ஆம் ஆண்டு அக்டோபர் முதலே நம் நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளது. திருச்சபையும் வாளாவிருக்கவில்லை. பெல்ஜிய நாட்டிலிருந்து வந்த அருட்சகோதரி ஜீன் தெவோஸ் 1985ஆம் ஆண்டு தேசிய வீட்டுப் பணியாளர் இயக்கத்தைத் தொடங்கி, இப்பெண்களைத் தம் உரிமைக்குத் தாமே குரல் கொடுப்பவர்களாக ஒன்றுதிரட்டினார். துறவியர் தெருவில் நின்று உரிமை கேட்டுக்கொண்டிருக்க, பொதுநிலையினராகிய நாம் வீட்டுக்குள் அதை மறுத்துக்கொண்டிருந்தால், ஒரே திருச்சபை தனக்குத் தானே எதிர்ச்சாட்சியாகிறது.

பிலமோனின் வீடு

“அவளை நாங்கள் வேலைக்காரியாகவே நினைப்பதில்லை, எங்கள் வீட்டுப் பிள்ளை போல” என்று பெருமையாகச் சொல்பவர்களும் நம்மிடையே உண்டு. நல்லது. வீட்டுப் பிள்ளை எந்தக் குவளையில் காப்பி குடிக்கிறாள்? வீட்டுப் பிள்ளை நாற்காலியில் அமர்கிறாளா, அடுப்படித் தரையில் அமர்கிறாளா? வீட்டுப் பிள்ளை நம் கழிப்பறையைப் பயன்படுத்தலாமா? கிராமத்துத் தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையைக் கண்டித்து மேடையில் பேசும் நாம், நம் அடுப்படி மூலையில் தனியே கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும் பழைய குவளையைக் காண்பதில்லை.

2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட தேவசகாயம், நம்மைப் போன்ற பொதுநிலையினர். திருவிதாங்கூர் அரண்மனைப் பணியில் இருந்தவர். 1745ஆம் ஆண்டு வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றபின், தாழ்த்தப்பட்டோரோடு வேறுபாடு பாராட்டாமல் பழகினார். அவர்மீது மேலோரின் சினம் மூண்டதற்கு அதுவும் ஒரு காரணம். 1752ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது திருவுருவத்துக்கு மாலை அணிவித்துவிட்டு வீட்டில் தனிக்குவளை வைத்திருப்பவர், அவருடைய சாவை வணங்குகிறாரேயன்றி அவருடைய வாழ்வை ஏற்கவில்லை.

பவுலடியாரின் மடல்களுள் மிகச் சிறிய ஒன்றை நம் குடும்பங்கள் அடிக்கடி வாசிக்க வேண்டும். அது பிலமோனுக்கு எழுதிய மடல். பிலமோன் யார்? தம் வீட்டிலேயே திருச்சபை கூடுவதற்கு இடமளித்தவர். இன்றைய சொல்லில் சொன்னால், அன்பியம் கூடும் வீட்டின் தலைவர். அவருடைய அடிமை ஒனேசிம் அவரைவிட்டுப் பிரிந்துபோயிருந்தார். இறைமக்கள் கூடிச் செபிக்கும் வீட்டிலிருந்து ஓர் அடிமை ஏன் நீங்கினார் என்று மடல் சொல்லவில்லை. ஆனால் பவுல் அவரைத் திருப்பி அனுப்பும்போது, இனி அடிமையாக அல்ல, அன்புக்குரிய சகோதரராக ஏற்றுக்கொள்ளும்படி வேண்டுகின்றார். அத்தோடு நிற்கவில்லை. ஒனேசிம் ஏதாவது கடன்பட்டிருந்தால் அதைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ளும்படியும் தம் கைப்படவே எழுதித் தருகின்றார்.

முன்பணம் கொடுத்து, அந்தக் கடனைக் காட்டியே ஆண்டுக்கணக்கில் ஒருவரைக் கட்டிவைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. மகளின் சடங்குக்கோ மருத்துவச் செலவுக்கோ வாங்கிய தொகை, வேறு நல்ல வேலைக்குப் போகவிடாத விலங்காகிவிடுகிறது. சகோதர உறவைப் பற்றிப் பேசிய பவுல் கடனையும் சேர்த்தே பேசினார். கடன் தீராமல் சகோதரத்துவம் வாய்ச்சொல்லாகவே நின்றுவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

கோவில் வளாகத்துக்குள்

இக்கண்டனம் இல்லங்களோடு முடிந்துவிடுவதில்லை. ஆலயத்தைத் திறந்து மூடி, மணியடித்து, பீடத்தை ஆயத்தம் செய்யும் கோயில்பிள்ளையின் மாதச் சம்பளம் எவ்வளவு என்று பங்குப் பேரவை உறுப்பினர் எத்தனை பேருக்குத் தெரியும்? கொடியேற்றத்துக்கும் தேருக்கும் வாணவேடிக்கைக்கும் எவ்வளவு செலவாயிற்று என்பது மட்டும் ஒவ்வொருவருக்கும் தெரிகிறது. நம் பள்ளிகளில் கூட்டிப் பெருக்கும் ஆயாவுக்கும், விடுதியில் சமைப்பவருக்கும், கல்லறைத் தோட்டத்தைக் காப்பவருக்கும் உரிய ஊதியமும் முதுமைக்கால ஏற்பாடும் உண்டா? 1971ஆம் ஆண்டு ஆயர் மாமன்றம், உலகில் நீதி என்ற தன் ஆவணத்தில், நீதியைப் பற்றிப் பிறருக்கு எடுத்துரைக்கத் துணிபவர் முதலில் அவர்கள் பார்வையில் தாமே நீதியுள்ளவராய் இருக்க வேண்டும் என்று கூறி, திருச்சபையில் உழைப்போரின் ஊதியத்தையும் அதற்கு உரைகல்லாகக் காட்டியது.

பெரிய வியாழனன்று பாதம் கழுவப்படுவதற்குப் பன்னிருவரைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் யாரை அமர்த்துகிறோம்? பெரும்பாலும் பேரவை உறுப்பினர்களையும் நன்கொடையாளர்களையும் அமர்த்துகிறோம். 2016ஆம் ஆண்டு முதல் பெண்களையும் அவ்வாறு தேர்ந்துகொள்ளத் திருச்சபை வழிசெய்துள்ளது. ஆலயத்தைப் பெருக்கும் பெண்ணும், பேரவைத் தலைவரின் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணும் அந்த நாற்காலியில் அமரும் நாள் வரட்டும். அன்றைக்குத்தான் அச்சடங்கின் பொருள் நம் பங்குக்கு விளங்கத் தொடங்கும்.

செய்ய வேண்டியவை

இவ்வளவும் சொன்னபின், நாம் முன்வைப்பது அரிய துறவறம் எதுவுமன்று. ஒவ்வொரு கத்தோலிக்கக் குடும்பமும் நாளையே தொடங்கக்கூடிய சில காரியங்களே. வாரத்தில் ஒருநாள், இயன்றால் ஞாயிற்றுக்கிழமை, கூலி குறையாத விடுப்புக் கொடுப்போம். ஒவ்வொரு மாதமும் குறித்த நாளில், கேளாமலே சம்பளத்தைக் கையில் கொடுப்போம். நோய்க்கும் பேறுகாலத்துக்கும் பிடித்தம் செய்யாதிருப்போம். நாம் வெளியூர் சென்றிருக்கும் நாள்களுக்கும் கூலி தருவோம். வேலை இல்லாமற் போனது அவர் பிழையன்று. நலவாரியத்தில் பதிவு செய்ய உடன் சென்று உதவுவோம். சிறுமியரை வேலைக்கு வையோம். வைத்திருப்போர் உடனே பள்ளிக்கு அனுப்பட்டும். நாம் உண்ணும் தட்டில் உணவும், நாம் அமரும் நாற்காலியில் இடமும் தருவோம். அவரைப் பெயர் சொல்லி, வயதில் மூத்தவராயின் ‘அம்மா’ என்றோ ‘அக்கா’ என்றோ மரியாதையாக அழைக்க நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். மறைக்கல்வி வகுப்பில் ஆறு மாதம் கற்பதைவிட, தம் தாய் வேலைக்காரப் பெண்ணிடம் பேசும் முறையிலிருந்து பிள்ளைகள் மிகுதியாகக் கற்கிறார்கள்.

திருச்சபை, வீட்டுவேலை செய்வோரின் பாதுகாவலியாகப் புனித சீத்தாவை வணங்குகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இத்தாலியின் லூக்கா நகரில், பன்னிரண்டு வயதில் ஒரு செல்வர் வீட்டுக்கு வேலைக்கு வந்து, 1272ஆம் ஆண்டு இறக்கும்வரை அங்கேயே பணிசெய்தவர். அவர் 1696ஆம் ஆண்டு புனிதராக அறிவிக்கப்பட்டார். அந்த வீட்டில் விலையுயர்ந்த ஆடை அணிந்து பந்தியில் அமர்ந்தவர்களை இன்று உலகம் நினைப்பது, அவர்கள் சீத்தாவின் வீட்டுக்காரர்கள் என்பதற்காக மட்டுமே. நம் வீட்டு அடுப்படியில் நிற்பவரும் கடவுளின் முன்னிலையில் அத்தகையவராய் இருக்கலாம்.

லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில், விழித்திருக்கும் பணியாளர்களைக் காணும் தலைவர், தாமே இடைக்கச்சை கட்டிக்கொண்டு அவர்களைப் பந்தியில் அமரச்செய்து பரிமாறுகின்றார். நாம் ஊழியம் செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் தலைவர் அத்தகையவர். அவர் வரும்போது அந்தப் பந்தியில் நம் அருகே யார் அமர்ந்திருப்பார் என்பதை இன்றே எண்ணிப் பார்ப்போம். நம்மிடம் கூலிபாக்கி வைத்திருப்பவராக அவர் இல்லாதபடி, கதிரவன் மறையுமுன் கணக்கைத் தீர்ப்போம்.